கப்பல் படி ஏறுவதற்காக நான் கயிறு இழுத்த விவரம்

காலடிப்பேட்டை, திருவொற்றியூர்.
விபவ வருஷம் கார்த்திகை மாதம் 6ஆம் தேதி.

ரங்கூனில் அரிசி ஆலை உத்தியோகத்தில் சிறப்புற்றிருக்கும் சிரஞ்சீவி மாப்பிள்ளை கருணாகரன் அவர்களுக்கு, மாமனார் கோமதிநாயகம் ஆசீர்வாதம் சொல்லி, சொல்லும்போதே சற்றுத் தயங்கி, எழுதிக்கொண்டது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று ஆரம்பிப்பது முறை. அந்த ‘எல்லோரும்’ என்பதில் என்னைச் சேர்க்கலாமா என்பதைப் பற்றித்தான் இக்கடிதம். தாங்களும், சௌபாக்கியவதி நீலாவும், தங்கள் தாயாரும் அவ்விடம் சுகமாயிருக்க ஒற்றியூர் ஈசனைத் தினமும் வேண்டி வருகிறேன். முன்பு உட்கார்ந்து வேண்டினேன், இப்போது நின்றுகொண்டு வேண்டுகிறேன். அந்த மாறுதலும் கீழே வரும்.

முப்பத்தொரு வருஷம் ராயபுரத்தில் ஒரு கிடங்கு ஆபீசில் தஸ்தாவேஜுகளைப் பாதுகாத்தவன் ஆகையால், எதையும் தலைப்பிட்டுச் சொன்னால்தான் எனக்கு மனம் நிற்கும். தலைப்புகள் வருமாறு:

1. டாக்டர் சொன்னது.
2. தேகப்பயிற்சியை வெறுக்கும் ஒருவன் தேகத்தைத் தேற்றக் கையாண்ட வழிகள், அவை கைவிட்ட விதம்.
3. கயிறு.
4. பங்கும் குடையும். (இது தங்கள் மாமியாருக்குத் தெரியாது.)
5. துறைமுகத்தில் நடந்தது.
6. தை மாதம் நான் வருவது நிச்சயம் என்பது.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தகப்பன் நேரில் வந்து அழைத்துப்போவது நம் இரு வீட்டுக்கும் வழக்கம். ‘தை பத்துக்குள் சம்பந்தி வந்து சேராவிட்டால் பிரசவம் இங்கேயேதான்’ என்று தங்கள் தாயார் ஆவணியில் எழுதியதில் தவறொன்றும் இல்லை. அந்தக் கடிதத்தின் ஓரத்தில் நீலா தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தாள்: ‘அப்பா வருவார்களா, பயப்படுவார்களா?’ இரண்டையும் செய்வேன் அம்மா என்று அன்றே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் எழுதவில்லை. முதலில் உடம்பைப் பரிசோதித்துக்கொள்வோம் என்று டாக்டரிடம் போனேன். அவர் வைத்தியம் பார்ப்பது மாடியில். பதினான்கு படிகள். ஒன்பதாவது படியில் நான் உட்கார்ந்துவிட, அவர் கீழே இறங்கிவந்து அந்தப் படியிலேயே என் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். “நெஞ்சில் கோளாறில்லை, பிள்ளைவாள். முப்பத்தொரு வருஷ நாற்காலிதான் வியாதி. கப்பல் படி நாற்பத்தொன்று. நீங்கள் இப்படி மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றால் துறைமுகத்து டாக்டர் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார். உடம்பை அசையுங்கள்” என்றார். நாற்பத்தொன்றில் ஒன்பது போக முப்பத்திரண்டு. அந்த முப்பத்திரண்டு படிகளும் அன்று இரவு என் கட்டிலைச் சுற்றி நின்றன.

இரண்டாம் தலைப்பில் முதலாவதாகச் சொல்ல வேண்டியது தாங்கள் அன்போடு அனுப்பிய ஸ்பிரிங் கருவி. ஜன்னல் கம்பியில் மாட்டி மார்புக்கு நேரே இழுக்கும்படி அதனோடு வந்த படத்தில் கண்டிருந்தது. படத்திலிருந்தவர் சிரித்துக்கொண்டிருந்தார். நான் கண்களை மூடிக்கொண்டு இழுத்தேன். கருவி மிக உறுதியானது. ஜன்னல் கம்பிதான் கையோடு வந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. தற்போது அந்தக் கருவியைத் தாழ்வாரத்தில் இரண்டு ஆணிகளுக்கிடையே கட்டி வேஷ்டி உலர்த்துகிறோம், நன்றாக உழைக்கிறது. அடுத்து, பயிற்சி என்று மனதுக்குத் தெரியாமல் பயிற்சி செய்தால் என்ன என்று கோயில் பிரகாரத்தை நாளைக்கு இருபத்தேழு முறை சுற்றுவதாகச் சங்கற்பம் செய்துகொண்டேன். மூன்றாவது சுற்றில் மடைப்பள்ளிப் பக்கம் வரும்போது பொங்கல் இறங்கும். இறங்கும் நேரத்தில் கடந்துபோவது மரியாதையில்லை. பதினைந்து நாள் கழித்து டாக்டர் என்னை நிறுத்துப் பார்த்து, ‘இரண்டு ராத்தல் கூடியிருக்கிறதே’ என்றார். பக்தியினால் இருக்கும் என்றேன். அதற்கப்புறம் சாதாரணமாக நடக்கலாமென்று புறப்பட்டேன். எனக்கு நாய்களிடம் உள்ள பயம் தாங்கள் அறிந்ததே. கல்யாணத்தின்போது ஊர்வலத்தில் நான் மேளக்காரருக்கு நடுவில் நடந்ததைத் தங்கள் தாயார் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதாக நீலா எழுதினாள். ஆகையால் நாயில்லாத வழி எது என்று நான்கு நாள் விசாரித்து ஒரு படம் வரைந்தேன். காலடிப்பேட்டை முழுவதிலும் நாயில்லாத வழி பதினொரு வீட்டு நீளம் இருந்தது. அதன் முடிவில் கடல்.

இப்படித்தான் நான் கடற்கரைக்கு வந்தேன், வேறு நோக்கம் எதுவும் இல்லை. கையில் குடையோடு பதினொரு வீடு நடப்பது, பிறகு மணலில் கவிழ்த்திருக்கும் படகின் நிழலில் ஒரு மணி நேரம் உட்காருவது, பிறகு திரும்புவது. வீட்டில், நடந்துவிட்டு வந்தேன் என்பேன். அது பொய்யில்லை. ஐந்தாம் நாள் காலை குப்பத்தார் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வலையைப் படகில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்டுவிட்டு, அதன் இரண்டு நுனியிலும் கட்டிய நார்க்கயிற்றைக் கரையிலிருந்து இரண்டு கூட்டமாக இழுப்பார்கள். ஒரு கூட்டத்துக்குத் தலைவன் திருமலை என்பவன், தூண்போல இருப்பான். அவன் என்னைப் பார்த்து, “நைனா! இன்னா குந்திகினு வேடிக்க பாக்குற? ஆளு கொறயுது, எய்ந்து வந்து ஒரு கை புடி!” என்று கத்தினான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் உரத்த குரலில் யார் எதைச் சொன்னாலும் செய்துவிடுவது என் சுபாவம்; அப்படித்தான் முப்பத்தொரு வருஷம் உத்தியோகம் பார்த்தேன். எழுந்துபோய்ப் பிடித்தேன்.

பத்து நிமிஷத்தில் உள்ளங்கை எரிந்தது, மூச்சு முட்டியது. மெல்லக் கயிற்றை விட்டேன். உடனே திருமலையின் அக்காள் கெங்கம்மா எனக்கு முன்னால் வந்து இடுப்பில் கைவைத்து நின்றாள். மீனைப் பங்கு பிரிப்பவள் அவள். அந்தக் குப்பத்தில் காற்றுகூட அவளைக் கேட்டுத்தான் வீசும்.

“இன்னா நைனா, வுட்டுட்ட?”

“மூச்சு வாங்குகிறது அம்மா. எனக்கு வயது அறுபத்தொன்று.”

“எங்க மாமனாருக்கு எய்வது. அதோ கீறாரு பாரு, பல்லில்லாம இசுத்துகினு. கயிறு புடிக்காத, அது உன் இஷ்டம். புட்ச்சா, வலை கரை சேர்ற வரிக்கும் வுடக்கூடாது. நடுவுல வுட்டா அந்த வலையில மீனு நிக்காது. அப்பால அம்பது வூட்டுல அடுப்பு எரியலேன்னா உன் வூட்டாண்டதான் வந்து நிப்போம். வர்ட்டுமா?”

ஐம்பது வீட்டாரும் என் வீட்டு வாசலில் நிற்பதையும், உள்ளேயிருந்து தங்கள் மாமியார் எட்டிப் பார்ப்பதையும் ஒரு கணம் நினைத்தேன். மறுபடியும் கயிற்றைப் பிடித்தேன். வலை கரை சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்று எனக்கு ஒரு உண்மை விளங்கியது, மாப்பிள்ளை. தேகப்பயிற்சியை நான் வெறுத்ததற்குக் காரணம், அதை எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம் என்பதே. நிறுத்த முடியாத பயிற்சி ஒன்று கிடைத்தால் என்னைப் போன்றவனும் தேறிவிடுவான். மறுநாள் போகாமலிருக்கத்தான் நினைத்தேன். வாசலிலேயே திருமலை நின்றான்: “வா நைனா, நேத்து உன் கைராசி நல்லாகீது. இன்னிக்கும் நீதான் வரணும்னு அக்கா சொல்ச்சி.” அக்காள் சொன்ன பிறகு என்ன இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை, கடல் கொந்தளித்த ஒன்பது நாள் நீங்கலாக, ஐம்பத்திரண்டு நாள் இழுத்திருக்கிறேன். அத்தனை நாளும் பயந்துகொண்டேதான் இழுத்தேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளவும்.

இழுக்கும் முறையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், பின்னால் வேண்டியிருக்கிறது. கடலைப் பார்த்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து, பின்புறமாகவே அடி வைத்து மணல்மேட்டில் ஏற வேண்டும். மேட்டின் உச்சியை முதுகு தொட்டதும் கயிற்றை விட்டு இறங்கிவந்து தண்ணீரோரம் மறுபடி பிடிக்க வேண்டும். இப்படி ஒரு நாளில் அறுபது எழுபது தடவை மேடு ஏறுவேன். எல்லாம் பின்புறமாக.

இனி பங்கு. நாம் சுத்த சைவர்கள். என் தகப்பனார் நட்சத்திரங்களைக்கூட ‘விண்மீன்’ என்று சொல்லமாட்டார். முதல் நாள் வலை கரை சேர்ந்ததும் கெங்கம்மா பனையோலையில் ஒரு பொட்டலம் கட்டி என் முன் நீட்டினாள். நான் இரண்டடி பின்வாங்கினேன். பின்வாங்குவதில்தான் அன்று முழுதும் பழகியிருந்தேனே.

“வேண்டாம் அம்மா, நாங்கள் இதைத் தொடுகிறவர்களில்லை.”

“துன்னு, துன்னாம போ. கயிறு புட்ச்ச கைக்குப் பங்கு வெக்காம அனுப்புனா நாளைக்குக் கடலு எங்களுக்கு இன்னா வெக்கும்? புடி நைனா, பேஜாரு பண்ணாத.”

ஒரு கையாவது கயிற்றைப் பிடித்தவனுக்குப் பங்கு கொடுத்தே தீரவேண்டும், அவனும் அதைக் கரையிலே போட்டுவிட்டுப் போகக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். பொட்டலத்தோடு பதினொரு வீட்டுத் தெருவில் எப்படி நடப்பேன்? குடையை மடக்கி, அதற்குள் அதைச் செருகி, கொக்கியை மாட்டிக்கொண்டு நடந்தேன். அடுத்த வீட்டுக் காத்தூன் பீவியம்மாளின் கொல்லைக் கதவைத் தட்டி, பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, கொடுத்துவிட்டேன். அவர்கள் இலவசமாக எதையும் வாங்காத மனுஷி. சாயங்காலமே ஒரு கட்டு முருங்கைக்கீரை நம் வீட்டுக்கு வந்தது. மறுநாளும் வந்தது. ஐம்பத்திரண்டு நாளாக நம் வீட்டில் முருங்கைக்கீரைதான்: பொரியல், அடை, கூட்டு, சாம்பார். தங்கள் மாமியார் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவ்வளவு கீரை எதற்காக வருகிறது என்று அவள் ஒருநாளாவது யோசித்திருந்தால் என் கதி என்ன? அவள் உலகமறியாதவளாயிருப்பது நம் பாக்கியம்.

ஆனாலும் அபாயம் இல்லாமல் இல்லை. குடையோடு நான் தெருவில் நுழைந்ததும் காக்கைகள் வரிசையாகப் பின்தொடரும். மூன்று பூனைகள் எனக்காக மூலையில் காத்திருக்கும். நாய்க்குப் பயந்தவனுக்குப் பூனைப் படையைக் கொடுத்தான் இறைவன். ஐப்பசி அடைமழையில் ஒருநாள் சொட்டச் சொட்ட நனைந்து, விரிக்காத குடையோடு தெருவில் வந்தேன். வாசலிலேயே தங்கள் மாமியார் நின்றிருந்தாள்.

“ஏங்க, கையில குடைய வச்சிக்கிட்டு ஏன் இப்பிடி நனைஞ்சிட்டு வாறிய?”

“கம்பி சிக்கிக்கொண்டது” என்றேன். “அப்பிடியா” என்று துண்டை எடுத்துக் கொடுத்தாள், அவ்வளவுதான். இன்னொரு அதிசயம்: அந்தக் குடையில் எவ்வித நாற்றமும் ஒட்டவில்லை. தினமும் காலையில் எடுக்கும்போது சற்று ஈரமாக மட்டும் இருக்கும். கடற்காற்றின் ஈரம் என்று நினைக்கிறேன்.

ஐந்தாம் தலைப்புக்கு வருகிறேன். இதை எழுதக் கை கூசுகிறது. காத்தூன் பீவியம்மாளின் மகன் அமீருதீன் துறைமுகத்தில் சரக்கு இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. தைக்கு முன் ஒரு தடவை படியில் ஏறிப் பார்த்துக்கொண்டால் தைரியம் வருமென்று அவனிடம் கேட்டேன். போன திங்கட்கிழமை காலை, சரக்கு இறங்கிக்கொண்டிருந்த ஒரு கப்பலுக்கு என்னை அழைத்துப்போய், காவல்காரரிடம் சொல்லி, படியடியில் நிறுத்தினான். “ஏறு மாமு, நான் கீழயே கீறேன்” என்றான். அண்ணாந்து பார்த்தேன். படிகள் மேலே போய்க்கொண்டே இருந்தன, முடிவில் கறுப்பாகக் கப்பலின் மதில். முதல் படியில் வைத்த கால் எழும்பவில்லை. ‘அப்பா வருவார்களா, பயப்படுவார்களா?’ என்ற வரி நினைவுக்கு வந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அமீருதீன் பார்க்காமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, விழாமலிருக்கப் பக்கத்திலிருந்த கைப்பிடிக் கயிற்றைப் பற்றினேன். நார்க்கயிறு. முகம் கரையைப் பார்க்கிறது, முதுகு மேட்டைப் பார்க்கிறது, கையில் கயிறு. அவ்வளவுதான் மாப்பிள்ளை, என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. பின்புறமாக ஒரு படி, இன்னொரு படி, ஒன்பதாவது படி வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. ‘ஏலேலோ’ என்றுகூடச் சொன்னேனாம். எதிரே வந்த கூலியாள் ஒருவர் நான் இறங்கிக்கொண்டிருப்பதாக நினைத்து, “எந்தூர்லேந்து சாமி வர்ற? மூட்ட எங்க?” என்று கேட்டார். மேலேயிருந்த ஒரு வெள்ளைக்காரர் என் முதுகைப் பார்த்து, இவன் எப்போது கப்பலிலிருந்தான் என்று திகைத்தாராம். நாற்பத்தொரு படியும் ஏறி முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கவேயில்லை. இதைத் தங்களுக்கு எழுதுவதற்காகவே இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஏறிவிட்டேன். இறங்குவதைப் பற்றி நான் யோசித்திருக்கவில்லை. மணல்மேட்டிலிருந்து இறங்குவது வேறு, விழுந்தாலும் மணல். இங்கே கீழே பார்த்தால் கப்பலுக்கும் கல்சுவருக்கும் நடுவில் ஒரு முழ அகலத்தில் கறுத்த தண்ணீர் ஏறி இறங்குகிறது. பின்புறமாக இறங்கலாமென்றால் கால் மேல்பக்கமாகவே போகிறது. ஐம்பது நாள் பழக்கம். உச்சிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். அமீருதீன் கெஞ்சினான். “மாமு, கண்ண மூடிகினு எறங்கு மாமு, மேல தொர பாக்குறாரு, என் வேல பூடும்!” எழுந்திருக்க முடியவில்லை. கடைசியில் அரிசி மூட்டைகள் இறக்கும் பெரிய கயிற்று வலையில் என்னை உட்காரவைத்து, பாரந்தூக்கியால் தூக்கி, ஆகாயத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தரையில் இறக்கினார்கள். குடையை மார்போடு அணைத்திருந்தேன்.

செய்தி எனக்கு முன்னால் குப்பத்துக்குப் போய்விட்டது. மறுநாள் நான் கயிற்றருகே போனதும் கெங்கம்மா, “வா நைனா. நேத்து நீயே வலையில மாட்டிகினியாமே! உன்ன எத்தினி பங்கா போட்டாங்க?” என்று கேட்டாள். பல் இல்லாத அந்த மாமனார் சிரித்த சிரிப்பில் கயிறே ஆடிற்று.

ஆகவே ஆறாவது: தை மாதம் நான் வருவது நிச்சயம். இங்கே ஏறிவிடுவேன். ரங்கூனில் இறங்குவதற்குத் தாங்கள் தயவுசெய்து அங்குள்ள துறைமுகத்தில் மூட்டை இறக்கும் வலை ஒன்றுக்கு முன்னதாகச் சொல்லிவைக்க வேண்டும். தங்கள் தாயாருக்குத் தெரியாமல் செய்தால் நலம். திரும்பும்போது ஏழு மாதக் கர்ப்பிணியான பெண்ணைக் கைப்பிடித்து எப்படி அந்தப் படியில் இறக்குவேன் என்பதை மட்டும் இன்னும் தீர்மானிக்கவில்லை. மூன்று இரவாக அதைத்தான் யோசிக்கிறேன், மாப்பிள்ளை. வலையில் அவளை உட்காரவைக்க முடியாது. என் கையை நம்பி அவள் கீழே அடிவைக்கும்போது அந்தக் கை நடுங்கினால் என்ன செய்வேன்? இதை நீலாவுக்கு வாசித்துக் காட்ட வேண்டாம்.

தங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். நீலாவுக்கும் அவள் வயிற்றிலிருக்கும் சின்னவருக்கும் என் ஆசிகள். சின்னவர் இந்தத் தாத்தாவின் கால்களைக் கொண்டு பிறக்காமலிருக்க அருள்புரிய வேண்டும் என்று வேண்டும்,

அன்புள்ள மாமனார்,
ச. கோமதிநாயகம்.

பின்குறிப்பு: மை உலரட்டுமென்று கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பிவந்தபோது தங்கள் மாமியார் இசக்கியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, கடைசிப் பக்கத்தில் இருந்தாள். ஈரத்துண்டோடு அப்படியே நின்றேன்.

“கடல்காத்து ஈரமாக்கும்?” என்றாள். “தெனமும் நீங்க தூங்கின பொறவு சீயக்காய் போட்டு அந்தக் குடையக் கழுவுதது நான். மொத நாளே பீவியம்மா சிரிச்சிக்கிட்டே வந்து சொல்லிட்டாவ. கீரை வேண்டாம்னு நான்தான் எத்தனையோ தடவ சொன்னேன், கேக்கல.”

“ஏன் என்னிடம் கேட்கவில்லை?” என்றேன்.

“கேட்டா, எனக்குப் பயந்துக்கிட்டுக் கயித்த விட்டுருவிய. கெங்கம்மாவுக்குப் பயப்படட்டும்னு விட்டுட்டேன்.”

மேலே எழுதிய ஆறாவது தலைப்பையும் மாற்றியிருக்கிறாள். வலை ஒன்றும் வேண்டாம், கப்பலில் ஒருவருக்குப் பதில் இரண்டு பேருக்கு இடம் சொல்லவும். அவளும் வருகிறாள். நான் பின்புறமாக ஏறும்போது அவள் எனக்கு எதிரே முன்புறமாக ஏறிவருவாளாம். இறங்கும்போது அவள் எனக்கு ஒரு படி கீழே, என்னைப் பார்த்தபடி பின்புறமாக இறங்குவாளாம். நான் தண்ணீரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நாற்பத்தொரு படியும் வரவேண்டுமாம். நீலாவையும் இப்படியே நடுவில் வைத்து இறக்கிவிடலாமாம். துறைமுகத்து விஷயமும் பீவியம்மாள் சொல்லி அவளுக்கு முன்பே தெரியுமாம். இதற்காக நேற்றிலிருந்து அவள் மாடிப்படியில் பின்புறமாக இறங்கிப் பழகுவதை நான் வேறு ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன். கல்யாணமாகி இந்த முப்பத்தாறு வருஷத்தில் நான் அந்த முகத்தை நாற்பத்தொரு படி நேரம் விடாமல் பார்த்ததில்லை. அதுவா, கறுத்த தண்ணீரா, எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று இன்னும் நிச்சயிக்கவில்லை. இருந்தாலும் நீலாவிடம் சொல்லிவிடலாம்: அப்பா வருவார், பயந்துகொண்டே வருவார்.

ஆகையால், மேற்படி தலைப்புகளில் நான்காவதில் அடைப்புக்குறிக்குள் நான் எழுதியது தவறு.